பிடுங்க ஒரு ரேட், நட ஒரு ரேட்

நான் எஸ்டிமேட் போடுகிறவள். என்ன வேலை என்று யாராவது கேட்டால் இப்படித்தான் சொல்வேன். அவர்களுக்கு ஒன்றும் புரியாது. பிறகு விளக்குவேன். அரசாங்கம் ஒரு சாக்கடை கட்டவேண்டும் என்றால் முதலில் யாராவது உட்கார்ந்து, மண் எவ்வளவு தோண்டவேண்டும், ஜல்லி எவ்வளவு, கம்பி எவ்வளவு, ஒவ்வொன்றுக்கும் என்ன செலவு என்று வரி வரியாக எழுதவேண்டும். அந்த யாராவது நான்தான். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். அரசாங்கத்தில் எழுதிய வரிக்குத்தான் பணம் வரும். எழுதாத வேலையைக் கடவுளே வந்து கேட்டாலும் செய்யமாட்டார்கள்.

இதற்கென்று ஒரு ரேட் புத்தகம் இருக்கிறது. மண் வெட்ட, மண் கொட்ட, மரம் வெட்ட, மரம் நட, சுவர் கட்ட, சுவர் இடிக்க, எல்லாவற்றுக்கும் அதில் ஒரு ரேட் உண்டு. ஒரு பொருளைத் தொடாமல் அப்படியே விட்டுவைப்பதற்கு மட்டும் ரேட் கிடையாது. பல வருஷம் அந்தப் புத்தகத்தோடு குடித்தனம் நடத்தியும் இது எனக்கு உறைக்கவில்லை. ஒரு ஏரி வந்துதான் உறைக்கவைத்தது.

எங்கள் ஆபீஸ் எலெக்ட்ரானிக் சிட்டியின் பின்பக்கம், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கிறது. மேம்பாலத்தில் கம்பெனி கேப்கள் போகிற சத்தமும் கீழே பஃப்ஸ் வேகிற வாசனையும் நாள் முழுக்க வந்துகொண்டிருக்கும். எங்கள் சார் முன்பு அரசாங்க இன்ஜினியராக இருந்து, வேலையை விட்டுவிட்டு இந்த ஆபீசை ஆரம்பித்தவர். கன்னடக்காரர். நல்ல மனுஷர்தான், பண விஷயத்தில் மட்டும் காது கொஞ்சம் மந்தம். அவரோடும் மற்ற கன்னடக்காரர்களோடும் நான் கன்னடத்தில்தான் பேசுவேன். இங்கே தமிழிலேயே எழுதிவிடுகிறேன்.

நான் திருவண்ணாமலைப் பக்கம். கல்யாணமாகி சந்தாபுரா வந்தேன். என் வீட்டுக்காரருக்குப் பக்கத்துத் தொழிற்பேட்டையில் வேலை. நாங்கள் வாடகைக்கு இருக்கிற மாடிப் போர்ஷனுக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி ஒரு ஏரி. அதைப் பார்த்துப் பெருமூச்சு விட அதில் ஒன்றும் இல்லை. காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் ஜன்னலைச் சாத்துவோம். ராஜகாலுவே என்று இங்கே சொல்கிற பெரிய மழைநீர்க் கால்வாய் ஊர்ச் சாக்கடையையெல்லாம் சுமந்துகொண்டு வந்து அதில் விழுகிறது. அது விழுகிற வாயில் ஆள் உயரத்துக்குச் சம்பு மண்டிக் கிடக்கும். ஊதுபத்தி மாதிரி பழுப்புக் கதிர் விடுமே, அந்தச் சம்பு. கன்னடத்தில் ஜொண்டு. சம்புக் காட்டைத் தாண்டினால் ஆழமில்லாத தண்ணீரில் பச்சைப் புல். அதற்கும் அப்பால்தான் ஏரி ஏரியாகத் தெரியும்.

அந்தப் புல்லை நம்பி ஒரு குடும்பம் இருந்தது. எங்கள் பால்காரக்கா. என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். தாத்தா காலத்திலிருந்தே அங்கே இருக்கிற தமிழ்க் குடும்பம். மாடுகளிடம் கன்னடம், என்னிடம் தமிழ், தவிட்டுக் கடைக்காரரிடம் பேரம் பேசும்போது உருது. காலையில் கறந்து ஊற்றிவிட்டு, அரிவாளும் சாக்குமாக ஏரியில் இறங்கி முழங்காலளவு தண்ணீரில் நின்று புல் அறுப்பாள். நான் அவளிடம் பாலில் தண்ணீர் இருக்கிறது என்று சொல்வேன். "ஏரில நிக்கறேனே, அப்டியே ஒட்டிக்கினு வந்திருக்கும்" என்பாள். எங்கள் சிநேகம் அப்படி. சாதாரண நாளில் என்னைத் தங்கச்சி என்பாள். கோபம் வந்தால் மேடம்.

ஒரு தீபாவளி முடிந்த வாரம், சார் என் மேஜைக்கு வந்து ஒரு புது வேலையை வைத்தார். ஈரநிலங்களைப் பாதுகாத்துச் சீரமைக்க அரசாங்கம் பணம் கொடுக்கிற திட்டம். டெல்லியிலிருந்து ஒரு பங்கு, மாநிலத்திலிருந்து ஒரு பங்கு. பட்டியலில் எங்கள் பின்தெரு ஏரி. ஏரி வேலை எனக்கு அதுதான் முதல். எப்படி ஆரம்பிப்பது என்று கேட்டேன்.

"எப்படின்னா? வேற ஏரி எஸ்டிமேட் ஒண்ணு இருக்கு. பேரையும் அளவையும் மாத்துங்க. முடிஞ்சது."

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, எல்லா ஆபீசிலும் இதுதான் வழக்கம். ஒருவர் போட்டதை ஒருவர் எடுத்து, அதை இன்னொருவர் எடுத்து, முதலில் யார் போட்டது என்றே தெரியாது. நானும் எடுத்து உட்கார்ந்தேன். ஆரம்பத்தில் ஒரு வரி: ஏரியிலுள்ள ஜொண்டு, கோரை முதலிய களைகளை இயந்திரத்தால் வேரோடு அகற்றி அப்புறப்படுத்துதல். பிறகு கரை, நடைபாதை, வேலி, பெஞ்சு, உட்கார மண்டபம். பக்கம் பக்கமாகப் புரட்டிக் கடைசிக்கு வந்தால் இன்னொரு வரி: சாக்கடை நீரைச் சுத்திகரிக்கச் செயற்கை ஈரநிலம் ஒன்று அமைத்து, நர்சரியிலிருந்து ஜொண்டு, கோரை முதலிய தாவரங்களை வாங்கி நடுதல்.

இரண்டையும் மாறி மாறிப் படித்தேன். முதலில் சிரிப்பு வந்தது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவன் கதையாவது பரவாயில்லை. இவர்கள் வெண்ணெயைச் சாக்கடையில் கொட்டிவிட்டு நெய்க்கு டெண்டர் விடுகிறார்கள். சிரித்து முடித்ததும் கோபம் வந்தது. எனக்குக் கோபம் எப்போதும் இரண்டாவதாகத்தான் வரும், வந்தால் சீக்கிரம் போகாது.

யாரும் திட்டம்போட்டுச் செய்த அக்கிரமம் இல்லை இது. ஏரி என்றால் கண்ணாடி மாதிரி தண்ணீர் தெரியவேண்டும் என்று நினைத்த காலத்தில் ஒருவர் முதல் வரியை எழுதியிருப்பார். சம்புதான் சாக்கடைத் தண்ணீரை நிறுத்தி வடிகட்டுகிறது என்று தெரிந்து, அதற்கும் அரசாங்கம் பணம் கொடுக்கத் தொடங்கிய பிறகு வேறொருவர் கடைசி வரியைச் சேர்த்திருப்பார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்திருக்கமாட்டார்கள். நடுவில் நூறு வரி இருந்ததால் அந்த வரிகளும் பார்த்துக்கொள்ளவில்லை.

சாரிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார்.

"ஆமால்ல," என்றார். பிறகு, "இருக்கட்டும்மா. பிடுங்க ஒரு ரேட், நட ஒரு ரேட். ரெண்டும் வேலைதானே? அஞ்சாறு பேருக்குக் கூலி."

"சார், இருக்கறத பிடுங்கிட்டு அதையே காசு கொடுத்து வாங்கறோம்."

"நம்ம ஃபீஸ் எஸ்டிமேட் தொகைல இவ்வளவு பங்குன்னுதான் கணக்கு. குறைச்சா நமக்கும் குறையும். எஸ்டிமேட்டை ஏத்தறவங்களைத்தான் நான் பாத்திருக்கேன், இறக்கறதுக்கு ஒருத்தர் வந்து நிக்கறது இதான் முதல் தடவை."

நான் இறக்க வந்து நிற்கவில்லை. அப்போதைக்கு என் மேஜைக்குத் திரும்பிப் போனேன். சம்பளம் வாங்குகிறவளுக்கு அவ்வளவுதான் முதுகெலும்பு.

அந்த வாரமே ஏரிக்கரையில் சர்வேக்காரர்கள் சிவப்புத் துணி கட்டிய குச்சிகளை நட்டார்கள். மறுநாள் காலை பால்காரக்கா பாத்திரத்தைக் கீழே வைக்காமலே கேட்டாள். "தங்கச்சி, சுத்தியும் வேலி வருதாமே? உள்ள யாரும் போவக்கூடாதாமே? நீ இந்த மாதிரி கவர்மென்ட் கெலசம்தான பண்ற, உனக்குத் தெரியுமா?"

பொய் சொல்ல எனக்கு வராது. வேலி வருகிறது, சம்பையெல்லாம் வாரப்போகிறார்கள், அந்த எஸ்டிமேட்டையே நான்தான் போடுகிறேன் என்றேன்.

அவள் பாத்திரத்தை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "சம்பு போனா போவட்டும். மாடு அதுல வாயே வெக்காது, கொசுதான் மிச்சம். எடுத்துக்குங்க. என் புல்ல மட்டும் வுட்டுடுங்க."

"ஜேசிபிக்குச் சம்பு எது, புல் எதுன்னு தெரியாதுக்கா. அந்த மூலையவே மொத்தமா வாரிடும்."

"அப்ப எழுதாத."

"நான் எழுதலேன்னா வேற யாராவது எழுதுவாங்க."

"எழுதட்டும். அவங்களுக்கு நான் பால் ஊத்தல மேடம்," என்று பாத்திரத்தோடு இறங்கிப் போய்விட்டாள். அன்றோடு பால் நின்றது. என் வீட்டுக்காரர் பாக்கெட் பால் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார். "அரசாங்கத்தோட சண்டைன்னா நீ போடு, என் காபியில ஏன் கை வெக்கற?" என்று ஒருநாள் கேட்டேவிட்டார்.

இதெல்லாம் விளையாட்டாகவே போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போகும்போது பால்காரக்கா வீட்டு வாசலில் ஒரு டாடா ஏஸ் நிற்பதைப் பார்த்தேன். அவளிடம் இருந்ததிலேயே அதிகம் கறக்கிற கறுப்புப் பசு அதில் ஏற மறுத்துக் காலை அகட்டிக்கொண்டு நின்றது. ஓசூர்ப் பக்கத்துத் தரகர் வாலை முறுக்கினார். அவள் அவர் கையைத் தட்டிவிட்டு, மாட்டின் கழுத்தில் கைபோட்டுக் கன்னடத்தில் ஏதோ சொல்லி ஏற்றினாள். வண்டி போனதும் என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எல்லாருக்கும் கடைப்புல் வாங்கிப் போட முடியாது மேடம். இது ஒண்ணு போவுது. வேலி போட்டா மிச்சமும் போவும்," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வேலி இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது, அதுவும் என் காகிதத்தில். அதற்குள் ஒரு மாடு போய்விட்டது. ஒரு வரியை எழுதினால் எங்கேயோ யாருக்கோ ஏதோ ஆகும் என்று தெரியாதவள் இல்லை நான். ஆனால் யாருக்கு ஆகிறது என்று அதுவரை கண்ணால் பார்த்ததில்லை. கடைக்குப் போகாமல் வீட்டுக்குத் திரும்பி, வரைபடத்தையும் அளவு டேப்பையும் எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனேன். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு போனேன். காபிக்காக வந்தார் என்றே வைத்துக்கொள்ளலாம்.

வரைபடத்தில் செயற்கை ஈரநிலம் என்று ஒரு நீள்சதுரம் இருந்தது. ஏரியின் மேட்டுப் பக்கம், வறண்ட நிலத்தில். அங்கே குழி தோண்டி, ஜல்லி நிரப்பி, பம்பு வைத்துச் சாக்கடைத் தண்ணீரை மேலேற்றி, நட்ட சம்பின் வழியாக விடவேண்டும். பழைய எஸ்டிமேட்டில் இருந்த ஏரிக்கு அந்த இடம் சரியாக இருந்திருக்கலாம். இங்கே தண்ணீர் தானாகவே இறங்கிச் சம்புக்குள் போய்க்கொண்டிருந்தது. கால்வாய் வாயில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றோம். சம்புக் காட்டைச் சுற்றிக்கொண்டு புல் இருக்கிற பக்கம் வந்தபோது மூக்கிலிருந்து கையை எடுத்திருந்தோம். தண்ணீர் தேனாக ஆகிவிடவில்லை. ஆனாலும் வித்தியாசம் இருந்தது, என் வீட்டுக்காரர்கூட ஒத்துக்கொண்டார். ஊதா நிற நீர்க்கோழிகள் இரண்டு எங்களைப் பார்த்துத் திட்டிக்கொண்டே உள்ளே ஓடின.

நீள்சதுரத்தை நகர்த்தினால் போதும் என்று அங்கேதான் தோன்றியது. மேட்டிலிருந்து எடுத்து, இருக்கிற சம்புக் காட்டின் மேலேயே வைத்துவிட்டால் திட்டத்தில் சொன்ன ஈரநிலம் கிடைத்துவிடும். தோண்ட வேண்டாம், பம்பு வேண்டாம். கால்வாய் வாயில் குப்பை தடுக்க ஒரு கம்பி வலை, வண்டல் தங்க ஒரு தொட்டி, சம்பைச் சுற்றித் தாழ்வாக ஒரு கல்கட்டு. எல்லாவற்றுக்கும் புத்தகத்தில் ரேட் இருக்கிறது. சும்மா விடுவதற்குத்தான் ரேட் இல்லை, சுற்றிலும் வேலை செய்து நடுவில் சும்மா விடலாமே. களை எடுக்கிற வரியை ஏரி நடுவில் மிதக்கிற ஆகாயத்தாமரைக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டால் ஆயிற்று.

திங்கட்கிழமை சாரிடம் போய் நின்றேன். இந்த முறை இறக்கத்தான் வந்திருக்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அவர் வரைபடத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கீழே பேக்கரியிலிருந்து டீ சொன்னார். "நான் ஒத்துக்கிட்டாலும் பிரயோஜனம் இல்ல. ஏரி அந்த மேடத்தோடது. அவங்க ஒத்துக்கிட்டா நான் ஒண்ணும் சொல்லல," என்றார். ஏரியைப் பார்த்துக்கொள்கிற அரசாங்க இன்ஜினியரைச் சொன்னார்.

அந்த மேடம் ராய்ச்சூர்ப் பக்கத்துப் பெண். என்னைவிடச் சின்னவர். கையில் ஏழெட்டு ஏரிகள், ஒரு ஜீப், ஓயாமல் அடிக்கிற போன். கார்த்திகை மழை விட்ட ஒருநாள் ஏரிக்கு வந்தார். சேற்றில் செருப்பு புதைந்து, அதை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு என்கூட நடந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"நீங்க சொல்றது சரிதான். ஆனா எனக்கு ரெண்டு பயம். பணத்தை மார்ச்சுக்குள்ள வேலைல இறக்கியாகணும். மிச்சம் பண்ணித் திருப்பி அனுப்பினா, தேவையில்லாம ஏன் கேட்டேன்னு கேப்பாங்க. அடுத்த தடவை இந்த ஏரிக்கு ஒண்ணும் வராது. ரெண்டாவது, ஆடிட். ஏற்கனவே இருக்கற ஜொண்டுக்கு எதுக்குப் பணம் கொடுத்தன்னு கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

"திட்டத்தோட பேரு என்ன மேடம்?"

"ஈரநிலப் பாதுகாப்பும் சீரமைப்பும்."

"பாதுகாப்புதானே முன்னாடி வருது? இருக்கறதத்தானே பாதுகாக்க முடியும்?"

அவர் சிரித்துவிட்டார். ஆபீஸ் சிரிப்பு இல்லை, வாய்விட்டு. பிறகு கரையில் உட்கார்ந்து காலைக் கழுவிக்கொண்டே மிச்சப் பணத்தை எங்கெங்கே போடலாம் என்று பேசினோம். கால்வாய் வாயில் இன்னும் பெரிய வண்டல் தொட்டி. சம்பை வருஷத்துக்குச் சில முறை அறுத்து எடுக்க ஆள்கூலி. அறுக்காவிட்டால் அதுவே அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். பராமரிப்புக்கு இந்த மாதிரித் திட்டத்தில் பணம் கொடுக்கமாட்டார்கள், ஆனால் வேலை முடிந்தபின் சில காலம் காண்ட்ராக்டரே பார்த்துக்கொள்ளவேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே சேர்க்கலாம் என்றார். வேலியைப் பற்றி மட்டும் அவர் அசையவில்லை. வேலி இல்லாவிட்டால் ராத்திரியோடு ராத்திரியாகக் கட்டட இடிபாட்டைக் கொண்டுவந்து கொட்டிவிடுவார்கள், அப்புறம் ஏரி மனைக்கட்டாகிவிடும் என்றார். அதுவும் நிஜம்.

வேலிக்கு வழி சொன்னது எங்கள் சார். எனக்கே ஆச்சரியம். திருத்திய எஸ்டிமேட்டைப் பார்த்து, குறைந்த தொகையைப் பார்த்து, ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, "மாடு வெச்சிருக்கறவங்க எப்படி இறங்குவாங்க?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். "அந்தக் காலத்துல கிராமத்து ஏரி ஒவ்வொண்ணுக்கும் மாடு இறங்கற சரிவு கட்டுவோம்மா. கல் பாவின சரிவு. சிட்டிக்குள்ள யாரும் போடறதில்ல. ஆனா புத்தகத்துல அந்த ரேட் இன்னும் இருக்கும், பாருங்க. சரிவு போட்டா வேலியில அங்க ஒரு கேட் போட்டுத்தான் ஆகணும்." புரட்டினேன், இருந்தது. "உங்க இன்க்ரிமென்ட்ல இந்த நஷ்டத்தைக் கழிச்சுக்கறேன்," என்றும் சொன்னார். கழிக்கவில்லை. பெரிதாக ஏற்றவும் இல்லை.

தை மாதம் பணம் அனுமதியாகி டெண்டர் போனது. பால்காரக்காவிடம் போய்ச் சொன்னேன். புல் இருக்கும், சரிவு வருகிறது, கேட் வருகிறது என்றேன். அவள் மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டே இருந்தாள்.

"கட்டட்டும், பாக்கலாம் மேடம்."

அவளைக் குறை சொல்ல முடியாது. அந்த ஏரிக்கு எத்தனை பேர் வந்து எத்தனை சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள்.

மார்ச் வந்தால் அரசாங்க வேலைக்கெல்லாம் சாமி வந்துவிடும். அதுவரை தூங்கிய காண்ட்ராக்டர்கள் ராத்திரி பகலாகத் தோண்டுவார்கள். ஒருநாள் காலை ஆபீசில் நான் டிபன் பாக்ஸைத் திறந்தபோது போன் வந்தது. பால்காரக்கா. என் நம்பர் அவளிடம் இருந்ததே அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"தங்கச்சி, வண்டி வந்துட்டுது. சம்புலதான் மொதல்ல கை வெக்கறான். நீ சொன்னது இது இல்லியே."

பெட்டியை மூடாமலே ஆட்டோ பிடித்தேன். வழியிலேயே மேடத்துக்குப் போன் போட்டால் மீட்டிங், எடுக்கவில்லை. மெசேஜ் அனுப்பினேன். ஏரிக்குப் போய்ச் சேர்ந்தபோது சம்புக் காட்டின் ஓரம் ஒரு வாய் கடித்த மாதிரி போயிருந்தது. கறுத்த சேறு கரையில் குவிந்து நாறியது. ஜேசிபி நின்றுகொண்டிருந்தது. அதற்கு முன்னால் பால்காரக்கா தன் மாடுகளையெல்லாம் கொண்டுவந்து முளையடித்துக் கட்டியிருந்தாள். அவை அசைபோட்டுக்கொண்டு படுத்திருந்தன. அவளும் நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

டிரைவர் தர்மபுரிக்காரர். பாவம், இறங்கி நிழலில் நின்றிருந்தார். "நான் எத்தனையோ ஏரி பாத்துட்டேங்க. எல்லா ஏரியிலயும் மொதல்ல ஜொண்டுதான் எடுக்கறது. அதுலதான் சீக்கிரம் பில் ஆவும்னு முதலாளி சொல்லுவாரு. வரைபடமெல்லாம் எனக்கு யாரும் காட்டல."

அவர் முதலாளியும் வரைபடத்தைப் பிரித்திருக்கமாட்டார். எங்கள் வழக்கம் பழைய எஸ்டிமேட், அவர்கள் வழக்கம் பழைய வேலை. நான் வரைபடத்தை டிரைவரிடம் விரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது மேடத்தின் ஜீப் வந்தது. மீட்டிங்கிலிருந்து எழுந்து வந்திருந்தார். காண்ட்ராக்டரிடம் போனில் அவர் பேசிய ராய்ச்சூர்க் கன்னடத்தை நான் மொழிபெயர்க்கமாட்டேன். ஜேசிபி பின்னால் போனது. மாடுகளை அவிழ்க்க நானும் கைகொடுத்தேன். ஒன்று என் காலை மிதித்துவிட்டது, நகம் பெயர்ந்தது. வலியில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. காலுக்காக மட்டும் அழுதேன் என்று சொல்லமாட்டேன்.

"அழாத தங்கச்சி. ஒரு மூலைதான போச்சு," என்றாள் அவள். மறுநாளிலிருந்து பால் வந்தது.

வைகாசிக்குள் வலை, தொட்டி, கல்கட்டு, சரிவு, வேலி, கேட் எல்லாம் முடிந்தன. பெஞ்சுகளும் வந்தன, நடைபாதையும் வந்தது. காலையில் அடுக்குமாடிக்காரர்கள் வேகவேகமாக நடந்து, சம்பு ஏன் இன்னும் இருக்கிறது, யாரும் சுத்தம் செய்யமாட்டார்களா என்று கேட்கிறார்கள். மேடம் ஒரு போர்டு வைத்திருக்கிறார். படிக்கிறவர்கள் படிக்கிறார்கள். மழைக்குப் பிறகு, ஜேசிபி கடித்த மூலையில் யாரும் நடாமலே சம்பு வந்துவிட்டது. அந்த மூலையில் மறுபடி நடுவதற்கென்று தனியாகக் கேட்டு வாங்கியிருந்த தொகையை மேடம் திருப்பி அனுப்பினார். ஏன் கேட்டாய் என்று மேலிருந்து கேட்கத்தான் செய்தார்கள். தானாக முளைத்துவிட்டது என்று பதில் எழுதினாராம். அதற்கு மேல் அவர்களால் என்ன கேட்க முடியும்?

ஏரி குணமாகிவிட்டது என்று சொல்ல நான் தயாரில்லை. காற்று அடித்தால் இன்றும் ஒரு ஜன்னலைச் சாத்துகிறோம். முன்பு இரண்டு. மேலே இருக்கிற ஊர்ச் சாக்கடையை யாராவது திருப்பும்வரை சம்பு ஒற்றையாளாகத்தான் வேலை பார்க்கவேண்டும். அதற்கும் பணம் கேட்டு மேடம் எழுதியிருக்கிறார். வரும் என்றுதான் நினைக்கிறேன். எழுதிய வரிக்கு என்றாவது ஒருநாள் வரும்.

ஆடி கழிந்து ஒருநாள் காலை பால் வரவில்லை. உடம்பு சரியில்லையோ என்று பார்க்கப் போனேன். வீடு பூட்டியிருந்தது. ஏரிப் பக்கம் போனால், கேட் திறந்திருக்க, பால்காரக்கா கல் சரிவில் நின்றுகொண்டு ஒரு மாட்டை இறக்கப் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தாள். செவலைக் கிடேரி, நான் பார்த்திராதது. புது இடம், புதுக் கல், அது முன்கால் இரண்டையும் ஊன்றிக்கொண்டு வரமாட்டேன் என்றது. அவள் இழுக்கவில்லை. அதன் கழுத்தைத் தடவிக்கொண்டு காத்திருந்தாள்.

"எங்கேர்ந்துக்கா?"

"ஓசூர் சந்தைல. நேத்து." என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "பால் சங்கத்துல லோன் போட்டேன். மூணு வருஷம் கட்டணும்."

மூன்று வருஷம். புல் இருந்தால்தான் கட்ட முடியும். அதை அவளிடம் சொல்லவேண்டிய தேவை இல்லை. அரசாங்கத்தை நம்பிப் பணம் போட்ட காண்ட்ராக்டர்களைப் பார்த்திருக்கிறேன், அரசாங்கத்தை நம்பி மனை வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். அரசாங்கம் போட்ட ஒரு வேலையை நம்பி மாடு வாங்கிய ஆளை அன்றுதான் பார்த்தேன். கிடேரி ஒரு காலை எடுத்துக் கல்லில் வைத்தது. பிறகு இன்னொரு காலை. அது தண்ணீருக்குள் இறங்கி, தலையைத் தாழ்த்தி, புல்லில் வாய் வைத்தது.